நான் வளர்த்த ஒரே கொடி

ஜூன் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அந்தக் கொடியின் முதல் சுரைக்காய்கள் பறிக்கப்பட்டன.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஆய்வாளர் அம்மா. எழுதுவதுதான் என் பிழைப்பு. ஒரு நாளிதழில் சனிக்கிழமைதோறும் வரும் ‘வீட்டுத் தோட்டம்’ பக்கத்துக்கு நான் பொறுப்பாசிரியர். வீட்டிலேயே காய்கறி வளர்ப்பதன் நன்மைகளைப் பற்றி என்னைவிட அதிகமாக எழுதியவர் யாரும் இந்த ஊரில் இருக்க முடியாது. உடலுக்குப் பயிற்சி. பூச்சிமருந்து படாத காய். பறித்த சூட்டோடு சமையல். மனதுக்கு அமைதி. எல்லாவற்றையும்விட முக்கியமாக, நாம் உண்பது யார் கையில் வளர்ந்தது என்று தெரிந்து உண்ணலாம். இந்தக் கடைசி வரியை நானே யோசித்து எழுதினேன். வாசகர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வருடத்துக்கு இரண்டு முறையாவது அதை வேறு வேறு விதமாகப் போடுவேன்.

நான் மட்டும் ஒரு செடிகூட வைத்ததில்லை. சமையல் பக்கத்தைக் கவனிப்பவருக்கு முட்டை உரிக்கத் தெரியாது. ஆன்மிகப் பக்கத்துக்காரர் சீட்டாடுவார். பத்திரிகை என்பது அப்படித்தான் நடக்கிறது. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, என் சகலையைத் தவிர.

வீடு என் மாமனார் கட்டியது. கீழ்த்தளம் எங்களுக்கு, மாடி என் மனைவியின் அக்காவுக்கும் அவள் கணவருக்கும். மொட்டை மாடி பொது. அந்தக் கணவர்தான் என் சகலை. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். வேலையில் இருந்தவரை ஒரு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற மறுமாதம் யாரோ அவருக்கு ஒரு காணொளி அனுப்பினார்கள். அதற்கடுத்த மாதம் மொட்டை மாடியில் துணி காயப் போட இடமில்லை. பை பையாக மண், தொட்டி தொட்டியாகச் சாணம், மூங்கில் பந்தல், மூலையில் ஒரு பழைய குளியல் தொட்டி நிறைய மண்புழு. தெருவில் அவருக்கு ‘மண்புழு மாமா’ என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர். அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் பெருமைப்பட்டிருப்பார்.

அவரைச் சுற்றி ஒரு குழு சேர்ந்தது. பாட்டு டீச்சர் ஒருத்தி, நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், இன்னும் இதே வயதில் இதே அளவு பொழுது மிச்சம் இருந்த சிலர். ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் கூடுவார்கள். ஒரு கத்தரிக்காயைக் கைக்குக் கை மாற்றி, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். இயற்கை என்ற சொல்லைச் சொல்லும்போது அவர்கள் குரல் தாழ்ந்துவிடும். அரளியும் இயற்கைதான், பாம்பின் பல்லும் இயற்கைதான் என்று ஒரு முறை சொன்னேன். பாட்டு டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

சகலை பரிதாபப்படுகிறவர் அல்ல. அவர் ஊரைக் கூட்டிச் சிரிக்கவைப்பவர்.

“சகலை பேப்பரை நான் படிக்கிறதில்லைன்னு யாரும் தப்பா நினைக்காதீங்க,” என்றார் குழுவின் முன்னால். “அதுல உரக் கம்பெனி விளம்பரம் வருது. கண்ணால பார்த்தாலே எனக்கு அரிப்பு வந்துடும். ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். விதை மடிச்சு வைக்க அந்தத் தாளை மாதிரி ஒரு தாள் உலகத்துல கிடையாது.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “சும்மா தமாஷுக்குச் சொல்றாரு, மூஞ்சியைத் தூக்காதீங்க,” என்றாள். நான் மூஞ்சியைத் தூக்கவில்லை. என் முகமே அப்படித்தான்.

அவர் சொன்னது உண்மை. என் பக்கத்தை அவர் ஒரு நாளும் படித்ததில்லை. இலவசப் பிரதி தினமும் மாடிக்குப் போகும், விதைப் பொட்டலமாகத் திரும்பி வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

என் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் அவளுக்காகத்தான் செய்தேன். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. சில வருடங்களாக மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கெட்டிக்காரி, ஆனால் அத்தான் என்றால் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு மரியாதை. அக்காவைப் பெண் பார்க்க அவர் வந்தபோது இவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாளாம். அந்த வயது மரியாதை போகாது.

சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். வெள்ளைப் பூ. நகரத்து மாடியில் அதற்கு வண்டு வராது என்று சகலையே ஒரு தூரிகை வைத்துக்கொண்டு ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவுவார். வெளிச்சம் மங்கும் நேரம் என்பதால் என் மனைவி டார்ச் பிடிப்பாள். நான் அலுவலகத்திலிருந்து வரும்போது தெருவிலிருந்தே அந்த வெளிச்சம் தெரியும். பூப் பூவாக நகரும். சில சமயம் ஒரே இடத்தில் நிற்கும், அப்போது சிரிப்புச் சத்தம் கேட்கும். கீழே எனக்குத் தட்டு மூடிவைக்கப்பட்டிருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் விசாரிக்கும்போது யாராவது வேறு விதமாகச் சொல்லக்கூடும் என்பதால் சொல்கிறேன். அவர்களுக்குள் தப்பாக எதுவும் இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தேகமும் வந்ததில்லை. நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வெளியே வேலையை முடித்துக்கொண்டு, கையில் மருந்துக்கடைப் பையோடு வீட்டுக்கு வந்தேன். கீழே யாரும் இல்லை. மாடிப்படி ஏறினேன். கடைசித் திருப்பத்தில் நின்றபோது சகலையின் குரல் கேட்டது.

“அந்த மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போடும்மா. அது வெறும் கல்லு. கிட்னியில போய் உக்காந்துக்கும். காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர் சுரைக்காய்ச் சாறு. மூணே மாசம். அப்புறம் சர்க்கரையை நீ தேடினாலும் கிடைக்காது.”

“சரி அத்தான்,” என்றாள் என் மனைவி.

நான் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டேன். முடிவு எடுத்தது அந்தப் படியில்தான். எனக்குக் கோபம் இல்லை. ஒரு முட்டாள், தன் முட்டாள்தனத்தால் இன்னொரு உயிரை எடுக்கப் போகிறான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது முறையா? அவளிடம் பேசியிருக்கலாமே என்று கேட்டீர்கள். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் நான் சொல்லி அவள் கேட்டது குறைவு. அவரிடம் பேசியிருக்கலாமே என்றீர்கள். விதைப் பொட்டலத்தோடு பேச முடியுமா?

எங்கள் அச்சகத்தின் பின்சுவரில் ஒரு சுரைக்கொடி கிடக்கிறது. யாரும் வைத்ததில்லை. குப்பைமேட்டிலிருந்து கிளம்பிச் சுவரேறிக் காய்த்துத் தொங்கும். யாரும் பறிப்பதும் இல்லை. பேய்ச்சுரை அது. பார்க்க நல்ல சுரை போலத்தான் இருக்கும், கொஞ்சம் குண்டு, அவ்வளவுதான். ஒரு பிஞ்சை நகத்தால் கீறி நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன். கசப்பு சாயங்காலம்வரை நின்றது.

கசக்கும் சுரைக்காய் ஆளைக் கொல்லும் என்பது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. என் பக்கத்திலேயே சில வருடங்களுக்கு முன் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். ‘சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள். கசந்தால் எறிந்துவிடுங்கள். சாறாகக் குடிப்பது உயிருக்கு ஆபத்து.’ என் கையால் எழுதியது. அந்த வாரமும் மாடிக்கு ஒரு பிரதி போயிற்று.

முற்றிக் காய்ந்த காய் ஒன்றிலிருந்து விதை எடுத்தேன். அலுவலகத்தில் தேநீர் குடித்த காகிதக் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் விதை. பக்கத்து மேசைப் பெண் கேட்டாள், “என்ன சார், கடைசில நீங்களும் மாறிட்டீங்களா?” ஆமாம் என்றேன்.

முளை வந்த நாளில் ஒரு கட்டுரையைப் பாதியில் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விதைத்தோலைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது. செடி வளர்த்தால் மனம் அமைதியாகிறது என்று வருடக்கணக்காக எழுதியிருக்கிறேன், சும்மா எழுதியதுதான். அது உண்மை. அந்த நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ரத்த அழுத்தம்கூட இறங்கியிருந்தது.

மார்ச் மாதம் நாற்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாடியில் சகலை எரு கிளறிக்கொண்டிருந்தார். கோப்பையை நீட்டினேன்.

“என்ன சகலை இது? நீங்களா போட்டீங்க?”

“ஆபீஸ் பின்பக்கம் ஒரு சுரை. யாரும் வச்சதில்ல, தானா வந்தது. விதை எடுத்துப் போட்டேன்.”

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினார். “தானா வந்ததா? அப்ப அசல் நாட்டு ரகம் சகலை. ஒரு கம்பெனிக்காரன் கை படாதது.” பிறகு படிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “அடியே, இங்க வா. உன் தங்கச்சி புருஷன் மண்ணைத் தொட்டுட்டாரு.”

அக்கா வந்தாள், என் மனைவியும் வந்தாள். சகலையின் கண் கலங்கியிருந்தது. “உங்களைப் பத்தித் தப்பா நினைச்சுட்டேன்,” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். கையில் சாணம். அது நான் புதிதாக வாங்கிய சட்டை.

அந்த நாற்றுக்கு அவர் எடுத்த சிரமத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தன் மற்றக் கொடிகளைக் கத்தரித்துவிட்டு இதற்குப் பந்தலில் நடு இடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதற்குப் ‘பேப்பர்காரர் சுரை’ என்று பெயர் வைத்தார். பாட்டு டீச்சர் கைதட்டினாள். அதன் பூவுக்கும் என் மனைவிதான் டார்ச் பிடித்தாள். கொடி ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தது. நல்ல எரு, நல்ல வெயில், பூச்சிமருந்து ஒரு சொட்டு இல்லை. சுத்தமான இயற்கை விளைச்சல்.

ஜூன் பதினொன்றாம் தேதிக்கு வருகிறேன்.

காலையில் மூன்று காய் பறித்தார். இரண்டைத் தெருவிலுள்ள குழுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பினார், ஒன்று பாட்டு டீச்சருக்கு, ஒன்று நீதிமன்ற எழுத்தருக்கு. கூடை வாசலைத் தாண்டியபோது நான் வாசலில்தான் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதை மிக்சியில் அடித்து, வடிகட்டி, இரண்டு டம்ளரில் ஊற்றினார். நான் வளர்த்தது என்பதால் என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார்கள்.

ஒரு டம்ளர் அவருக்கு. இன்னொன்றை என் மனைவி வாங்கினாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் நாக்கு நல்ல நாக்கு. பாலில் ஒரு சொட்டுப் புளிப்பு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு வாய் வைத்தவள் அப்படியே தொட்டியில் துப்பினாள்.

“ஐயே, அத்தான், நாக்கெல்லாம் இழுக்குது. கொட்டிடுங்க அதை.”

“கசப்புலதான் சத்து இருக்கு,” என்றார் சகலை. “கடைக்காயைத் தின்னு தின்னு உங்க அத்தனை பேர் நாக்கும் செத்துப் போச்சு.” அவரும் ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. டம்ளரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“கொஞ்சம் ஓவராத்தான் கசக்குது. நீங்க பேப்பர்காரர், நாலும் படிச்சவர். சொல்லுங்க சகலை, குடிக்கலாமா, கூடாதா?”

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல் முறை. அக்கா என்னைப் பார்த்தாள். என் மனைவி வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மொட்டை மாடியில் மூன்று பேர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். இனிமையான நிமிஷம் அது, மறைக்கவில்லை.

“கசப்புன்னா மருந்துன்னு நீங்கதானே எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க,” என்றேன். “உங்க கையால வளர்த்தது. உங்களுக்குத் தெரியாததா?”

அவர் சிரித்தார். டம்ளரைக் காலி செய்தார். வீணாக்கக் கூடாது என்று என் மனைவி மிச்சம் வைத்ததையும் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. உடம்பிலிருக்கும் கடைக்காய் விஷமெல்லாம் வெளியே வருகிறது, நல்லதுக்குத்தான் என்று குளியலறைக்குள்ளிருந்து சொன்னார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே படுத்துவிட்டார். அக்கா என்னிடம் ஓடி வந்தாள். “தம்பி, ரத்தமா வருதுப்பா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?”

“அவரே வேண்டாம்ங்கறாரு அண்ணி. அவர் பேச்சை மீறினா அப்புறம் சத்தம் போடுவாரு. கொஞ்சம் பார்ப்போம்,” என்றேன்.

பார்த்தோம். மத்தியானத்துக்கு மேல் என் மனைவிதான் ஆட்டோ பிடித்து வந்தாள். மருத்துவமனையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். அக்கா அழுதுகொண்டிருந்ததால் நான் பதில் சொன்னேன். “காய்கறிச் சாறு. வீட்டில் விளைந்தது. மருந்து அடிக்காதது.” இளம் டாக்டர் எழுதிக்கொண்டு, வெளியே ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார். எப்போதும் வீட்டுச் சாப்பாடுதான் என்றேன். மறுநாள் நண்பகலுக்கு முன் அவர் இறந்துவிட்டார். கடைசிவரை நினைவு இருந்தது. என்னைப் பார்த்தபோது கொடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சைகை காட்டினார்.

மற்ற இரண்டு காய்களைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். பாட்டு டீச்சர் நறுக்கும்போதே வாயில் போட்டுப் பார்த்துவிட்டுக் குப்பையில் எறிந்துவிட்டாள். மூன்று வருட இயற்கைப் பேச்சுக்குப் பிறகும் அவள் நாக்கில் கொஞ்சம் புத்தி மிச்சமிருந்தது. எழுத்தர் சமைக்கச் சொல்லி ஒரு வாய் வைத்துவிட்டு, மனைவிக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டாராம். அவர்களை எச்சரித்தேனா என்றால், இல்லை. குழுவின் கூடையில் போன காய்க்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

நான் செய்த ஒரே தவறு, காரியம் முடிந்த பிறகு மாடிக்குப் போனது. அத்தனை கொடியும் செடியும் தண்ணீர் இல்லாமல் வாடிக் கிடந்தபோது, நான் அந்த ஒரு கொடியை மட்டும் வேரோடு பிடுங்கிச் சுருட்டிப் பையில் போட்டேன். திரும்பினால் படியில் என் மனைவி நின்றிருந்தாள். துணி காயப் போட வந்தவள். மூன்று வருடமாக மாடியில் அதற்கு இடமில்லை, அன்றைக்குத்தான் இருந்தது. பையையும் பார்த்தாள், என் கையிலிருந்த மண்ணையும் பார்த்தாள். வாளியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நேராக உங்களிடம்தான் வந்தாள் என்று பிறகு தெரிந்தது.

ஆகவே, ஆம். கொடி பேய்ச்சுரை என்று தெரிந்தே கொடுத்தேன். காய் கொல்லும் என்று தெரிந்தே குடிக்கவைத்தேன். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதைத் தெரிந்தே தாமதப்படுத்தினேன். காரணத்தையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லி என் மனைவியைச் சாகடிக்கப் பார்த்த ஒருவரிடமிருந்து அவளைக் காப்பாற்றினேன். புத்தியுள்ள எந்தக் கணவனும் ஏதாவது ஒரு வழியில் அதைத்தான் செய்வான்.

இதற்குக் கீழே ஒரு விஷயத்தைச் சேர்த்து எழுதும்படி இன்று காலை சொன்னீர்கள். என் மனைவி உங்களிடம் சொன்னதையும் படித்துக் காட்டினீர்கள்.

“அத்தான் மனசு நோகக் கூடாதேன்னு சரின்னு சொன்னேன். அந்தச் சாறும் குடிப்பேன், மாத்திரையும் போட்டுக்குவேன். ஒரு நாள்கூட விட்டதில்ல. மருந்துக்கடைக்குப் போறது எப்பவும் இவர்தானே. இவருக்குத் தெரியாதா?”

அவள் சொல்வது சரி. பிப்ரவரியில் அந்தப் படியில் நின்றபோது என் கையிலிருந்த பையில் அவள் மாத்திரைதான் இருந்தது. மார்ச், ஏப்ரல், மே மாதங்களிலும் நான்தான் வாங்கி வந்தேன். பழைய அட்டை காலியான பிறகுதான் புதியது வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம்.